சினிமா போலீஸ் சுட்டால் தோட்டா தீராது. நிஜ போலீஸ் சுட்டால் கணக்கு தீராது!

போடி மலையில் கேட்கும் "டுமீல்" சத்தமும், அதன் பின்னால் இருக்கும் சங்கதியும்

போடிநாயக்கனூர்,

"டுமீல்... டுமீல்...!"

மலைப்பாதை வளைவில் ஒரு ஜீப் கிறீச்சிட்டுத் திரும்புகிறது. பின்னால் துரத்தி வரும் போலீஸ் ஜீப்பில் இருந்து அதிகாரி எட்டிப் பார்க்கிறார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குறி வைக்கிறார். ஒரே குண்டு. முன்னால் போன வண்டியின் டயர் பணால்! கொட்டகையில் விசில் பறக்கிறது.

இந்த மாதிரி காட்சியைப் பார்க்காத தமிழன் உண்டா? எத்தனை படம், எத்தனை மலை, எத்தனை டயர்!

ஆனால் போடிக்காரர்களுக்கு இதில் ஒரு தனி சந்தேகம் உண்டு. ஏன் என்றால் அந்த மலைப்பாதை அவர்கள் தினமும் போய் வருகிற பாதை. போடியில் இருந்து முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளா. விடியற்காலையில் ஏலத் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக ஏறும். சாயங்காலம் வரிசையாக இறங்கும். ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் பள்ளம்.

இங்கே ஒரு போலீஸ் அதிகாரி ஓடுகிற ஜீப்பில் இருந்து டயரை நோக்கிச் சுட்டால் நிஜத்தில் என்ன நடக்கும்?

டயரில் படுவது கஷ்டம். கைத்துப்பாக்கியை நின்ற இடத்தில் இருந்து, இரண்டு கையாலும் பிடித்து, அசையாத அட்டையை நோக்கிச் சுட்டாலே 25 மீட்டருக்கு மேல் குறி தவறும். பயிற்சி எடுத்தவர்களுக்கே இந்தக் கதி. குலுங்குகிற ஜீப்பில், வளைவில், ஒற்றைக் கையில் என்றால் கேட்கவே வேண்டாம். குண்டு தார் ரோட்டிலோ பாறையிலோ பட்டுத் தெறிக்கும். தெறித்த குண்டு எங்கே போகும் என்று சுட்டவருக்கே தெரியாது. எதிரே ஏறி வருகிற ஜீப்பில் 10 பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

சினிமாவில் எதிரே ஜீப் வராது. அதுதான் வித்தியாசம்.

குரங்கணியில் எடுத்த படம்

போடி பக்கத்துக்கு சினிமா புதிதல்ல. பாரதிராஜா பிறந்த அல்லிநகரம் பக்கத்தில்தான். இளையராஜாவின் பண்ணைப்புரம் இன்னொரு பக்கம். 2010 தீபாவளிக்கு வந்து சக்கை போடு போட்ட "மைனா" படத்தை டைரக்டர் பிரபு சாலமன் குரங்கணி மலைப்பகுதியில்தான் எடுத்தார். அதற்கு முன் குரங்கணி என்றால் ஏலக்காயும் காப்பியும்தான் நினைவுக்கு வரும். படம் வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் வழி கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

அந்தப் படத்திலும் காக்கிச் சட்டைக்காரர்கள் உண்டு. தப்பி ஓடிய கைதியைப் பிடிக்க இரண்டு சிறை அதிகாரிகள் மலை ஏறி வருகிறார்கள். அவர்களை ஆட்டிப் படைப்பது கைதியின் ஆயுதம் அல்ல. மலை! ஏற முடியாமல் மூச்சு வாங்குகிறது. கால் வழுக்குகிறது. பஸ் விபத்தில் அந்தக் கைதியே அவர்களின் உயிரைக் காப்பாற்றுகிறான். சிறை ஊழியராக நடித்த தம்பி ராமையாவுக்கு சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. அவர் ஒன்றும் பத்துப் பேரைச் சுட்டுத் தள்ளி விருது வாங்கவில்லை. சிரிக்க வைத்து, கடைசியில் அழவும் வைத்து வாங்கினார்.

மலையில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு அந்தப் படம் பிடித்துப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே ஓட்டம் எல்லாம் நடைதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஸ்டேசனில் இருப்பது என்ன?

சினிமாவில் சப்-இன்ஸ்பெக்டர் முதல் ஏட்டு வரை எல்லோர் இடுப்பிலும் பளபளவென்று ஒரு பிஸ்டல் தொங்கும். நிஜத்தில் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் சாதாரண போலீஸ்காரர் கையில் இருப்பது லத்தி. கைத்துப்பாக்கி சப்-இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர் மட்டத்தில்தான். நீள துப்பாக்கி ஏந்தி நிற்பவர்கள் பெரும்பாலும் ஆயுதப்படை போலீசார், அல்லது பாரா டூட்டியில் இருப்பவர்கள்.

நம் ஊர் போலீஸ் துப்பாக்கிகளில் தாத்தா யார் என்றால் 303 ரைபிள்தான். வெள்ளைக்காரன் காலத்து லீ என்பீல்டு. இரண்டு உலகப் போர் பார்த்தது. மேற்கு வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையிலும் செய்தார்கள். எடை சுமார் 4 கிலோ. 10 தோட்டா பிடிக்கும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். படபடவென்று பொழிய முடியாது. உத்தரப்பிரதேச போலீசார் 2020 குடியரசு தினத்தன்றுதான் இந்த 303-க்கு விடை கொடுத்து அனுப்பினார்கள். அவ்வளவு நீண்ட சர்வீஸ்!

இன்னொரு பழைய ஆள் 410 மஸ்கட். பார்க்க 303 மாதிரியே இருக்கும். ஆனால் குழாயின் உட்புறம் வழவழவென்று இருக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டாதான்.  1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு நம் ஆட்கள் மேல் இருந்த பயத்தின் மிச்சம் இது. போலீசிடம் நல்ல துப்பாக்கி கொடுத்தால் நம் பக்கமே திருப்பிவிடுவானோ என்ற கவலை!

இதற்குப் பிறகு வந்தவை எஸ்.எல்.ஆர். என்கிற 7.62 ரைபிளும், 1990-களில் வந்த இன்சாஸ் ரைபிளும். எஸ்.எல்.ஆரில் 20 தோட்டா. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை விசையை அழுத்த வேண்டும்.

கைத்துப்பாக்கியில் பழைய 38 ரிவால்வர் உண்டு. இஷாப்பூரில் செய்யும் 9 எம்.எம். பிஸ்டல் உண்டு. இதில் 13 தோட்டா பிடிக்கும். ஆஸ்திரியா நாட்டுக் கண்டுபிடிப்பான "கிளாக்" பிஸ்டலும் நம் நாட்டில் சில போலீஸ் படைகளிடம் இருக்கிறது.

ஆறுக்கு மேல் எப்படி?

இனி சினிமாவுக்கு வருவோம். அடுத்த முறை படம் பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். விரல் விட்டு எண்ணுங்கள்.

ரிவால்வர் என்றால் உருளையில் ஆறு ஓட்டை. ஆறு குண்டு. அதோடு சரி. உருளையைத் திறந்து, காலித் தோட்டாவைக் கொட்டி, புதிதாகப் போட்டால்தான் ஏழாவது. ஆனால் நம் கதாநாயகன் ஒரே மூச்சில் 15 சுடுவார். 16-வதுக்கும் ரிவால்வர் தயார்!

இன்னொன்று. ரிவால்வரின் மூக்கில் ஒரு நீளக் குழாயை மாட்டிக்கொண்டு வில்லன் "புஸ்" என்று சத்தமில்லாமல் சுடுவான். பெரும்பாலான ரிவால்வர்களில் இது நடக்காது. உருளைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகவே சத்தம் வெளியே வந்துவிடும்.

அப்புறம் அந்த "கிளிக்" சத்தம். நெற்றியில் பிஸ்டலை வைத்து, கட்டை விரலால் சுத்தியலை இழுத்து, "கிளிக்" என்று மிரட்டுவார்கள். கையில் இருப்பது கிளாக் பிஸ்டலாக இருந்தால் அதற்கு வெளியே சுத்தியலே கிடையாது. சத்தம் டப்பிங் தியேட்டரில் சேர்த்தது.

குண்டு பட்டவன் பத்தடி தூரம் பறந்து போய் விழுவதும் அப்படித்தான். அது கயிறு. குண்டு அல்ல.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதுதான் கணக்கு.

ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு

நிஜ போலீசில் துப்பாக்கி வாங்கினால் கையெழுத்து. தோட்டா வாங்கினால் எண்ணிக் கையெழுத்து. திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி எண்ணிக்கை. பயிற்சியில் சுட்டால்கூட காலித் தோட்டாவைப் பொறுக்கி எடுத்து ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் தேடுதல் வேட்டைதான். புல்லுக்குள் தேடு, மண்ணைக் கிளறு!

சினிமாவில் 200 குண்டு சுட்ட கதாநாயகன் அடுத்த காட்சியில் வெளிநாட்டில் டூயட் பாடுவார். நிஜத்தில் ஒரு குண்டு சுட்டவர் அடுத்த காட்சியில் விளக்கம் எழுதிக் கொண்டிருப்பார்.

"ஏன் சார், திருடன் ஓடுறான், சுட்டுத் தள்ள வேண்டியதுதானே?" என்று டீக்கடையில் சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைப் பிடிக்கும்போது, அவர் உயிரைப் பறிக்க போலீசுக்கு உரிமை இல்லை. பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 46-வது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்திலும் 43-வது பிரிவில் இது அப்படியே இருக்கிறது. ஏலக்காய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை முதுகில் சுட முடியாது. தற்காப்பு என்றால் மட்டும் தனி விஷயம். அதையும் நிரூபிக்க வேண்டும்.

2014 செப்டம்பர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. என்கவுண்டரில் ஒருவர் இறந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று 16 கட்டளைகள். வழக்குப் பதிவு செய்ய வேண்டும். வேறு ஸ்டேசன் போலீசோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டு விசாரணை நடக்க வேண்டும். சுட்டவரின் துப்பாக்கியை ஒப்படைத்து சோதனைக்கு அனுப்ப வேண்டும். சம்பவம் நடந்த உடனே பதவி உயர்வு, வீரப்பதக்கம் என்று கொடுக்கக் கூடாது.

படத்தின் கடைசிக் காட்சியில் மாலை, பதக்கம், கைதட்டல் எல்லாம் வருகிறதே, அதைத்தான் கோர்ட்டு "உடனே கூடாது" என்கிறது.

ஒரே குண்டு சுட்ட சவுத்ரி

பழைய படங்களை நினைத்துப் பாருங்கள். 1974-ல் வந்த "தங்கப்பதக்கம்". நாடகமாக மேடை ஏறி, பிறகு படமான கதை. எஸ்.பி. சவுத்ரியாக சிவாஜி. கடைசியில் பெற்ற மகனையே சுடுகிறார். அந்த ஒரு குண்டுக்காகத்தான் படம் முழுக்கக் கதை நடக்கிறது. சுட்டவரின் முகத்தைப் பார்த்துக் கொட்டகையே அழுதது.

பிறகு காலம் மாறியது. 2003-ல் "காக்க காக்க" வந்தது. என்கவுண்டர் போலீஸ் என்ற வார்த்தை வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு வந்த போலீஸ் படங்களில் தோட்டாவுக்குப் பஞ்சமே இல்லை.

2024-ல் ரஜினிகாந்த் நடித்த "வேட்டையன்" வந்தது. அதில் அவர் என்கவுண்டருக்குப் பேர் போன எஸ்.பி. குற்றவாளி என்று நினைத்து ஒருவனைச் சுடுகிறார். பிறகுதான் தெரிகிறது, அவன் நிரபராதி! கைதட்டி வளர்ந்த துப்பாக்கியைப் பார்த்துத் தமிழ் சினிமாவே கேள்வி கேட்ட படம் அது.

தீரனும் பெரியபாண்டியனும்

நிழலும் நிஜமும் இவ்வளவு கிட்டே வந்து உரசிய சம்பவம் வேறு இருக்காது.

2017 நவம்பர் 17-ந் தேதி "தீரன் அதிகாரம் ஒன்று" படம் வெளியானது. கார்த்தி டி.எஸ்.பி. வேடம். தமிழ்நாட்டை நடுங்க வைத்த பவாரியா கொள்ளைக் கும்பலை வடமாநிலம் வரை தேடிப் போய்ப் பிடித்த நம் போலீசாரின் கதை. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் அந்தக் கும்பலால் கொலையானார். அதன் பிறகு ஐ.ஜி. ஜாங்கிட் தலைமையில் நடந்த வேட்டைதான் படத்துக்கு அடிப்படை. நிஜத்தில் கும்பலைக் காட்டிக் கொடுத்தது துப்பாக்கி அல்ல, கைரேகை. படத்திலும் அதைக் காட்டினார்கள். ஆனால் ரசிகர்கள் நினைவில் நிற்பது பஸ் சண்டைதான்.

படம் ஓடிக் கொண்டிருக்கும்போதே, ஒரு மாதம் கூட ஆகாத நிலையில், டிசம்பர் 13-ந் தேதி அந்தச் செய்தி வந்தது. கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளை வழக்கில் குற்றவாளிகளைத் தேடி ராஜஸ்தான் போன மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன், பாலி மாவட்டத்தில் ஒரு சுண்ணாம்புச் சூளையில் குண்டு பாய்ந்து இறந்தார். நெல்லைச் சீமையில் இருந்து வந்த மனிதர். தமிழ்நாடே கண்ணீர் விட்டது.

கொள்ளையர்கள் சுட்டதாகத்தான் முதலில் செய்தி. "தீரன் படம் மாதிரியே நடந்து விட்டதே!" என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் ராஜஸ்தான் போலீசார் விசாரித்தபோது கதை மாறியது. பாய்ந்த குண்டு உடன் போன சக அதிகாரியின் பிஸ்டலில் இருந்து வந்தது, கைகலப்பில் தவறுதலாகச் சுடப்பட்டது என்று அவர்கள் சொன்னார்கள்.

இருட்டு. தெரியாத ஊர். தெரியாத பாஷை. கட்டையும் கல்லுமாக மோதல். இதற்கு நடுவில் கையில் பிஸ்டல். சினிமாவில் கதாநாயகனின் குண்டு நண்பனைத் தொடவே தொடாது. நிஜத்தில் குண்டுக்கு நண்பன் யார், எதிரி யார் என்று தெரியாது.

போலீஸ்காரர்களுக்கே இந்த ஆபத்து இருக்கிறது என்றால் வழியில் போகிற பொதுமக்கள் கதி என்ன? 2018 மே 22-ந் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு. 13 பேர் பலி. வேனின் மேல் படுத்து குறி பார்த்த போலீஸ்காரரின் படத்தை யாரும் மறக்கவில்லை. விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷனின் அறிக்கை 2022-ல் சட்டசபையில் வைக்கப்பட்டது. போலீஸ் அதிகாரிகள் மீது அது குற்றம் சாட்டியது. கூட்டத்தைக் கலைக்கச் சுட வேண்டும் என்றால் முதலில் எச்சரிக்கை, பிறகு படிப்படியாக, கடைசியில்தான் துப்பாக்கி என்பது விதி. அந்தப் படிகள் என்ன ஆயின என்பதுதான் கேள்வி.

நம் மலையில் நடந்தது

தேனி மாவட்டத்து மலையிலும் இந்தக் கேள்வி எழுந்தது உண்டு. 2023 அக்டோபர் கடைசியில், கூடலூர் பக்கம் வண்ணாத்திப்பாறை காட்டில் வனத்துறையினர் சுட்டதில் ஒருவர் இறந்தார். வேட்டைக்கு வந்தவர் கத்தியால் தாக்க வந்தார், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது வனத்துறை. உறவினர்கள் ஏற்கவில்லை. போராட்டம் நடந்தது. விசாரணைக்கு உத்தரவானது.

காட்டுக்குள் இரவில் ஒரு குண்டு. சாட்சி சொல்ல மரம்தான் உண்டு. இதனால்தான் துப்பாக்கிச் சோதனையும் மாஜிஸ்திரேட்டு விசாரணையும் வெறும் சடங்கு ஆகிவிடக் கூடாது. சுட்டவர் சொல்வது உண்மை என்றால் அவரைக் காப்பாற்றுவதும் அதுதான். பொய் என்றால் செத்தவருக்கு நியாயம் தருவதும் அதுதான்.

அதே வருஷம் இதே மாவட்டம் இன்னொரு துப்பாக்கியையும் பார்த்தது. அரிக்கொம்பன் யானையை மறக்க முடியுமா? சின்னக்கானல் ஏலமலையில் அரிசிக்காக வீடுகளையும் ரேசன் கடையையும் உடைத்த யானை. ஏப்ரல் 29-ந் தேதி கேரள வனத்துறை அதைப் பிடித்து பெரியாறு காட்டில் விட்டது. அது மே 27-ந் தேதி கம்பம் டவுனுக்குள்ளேயே நடந்து வந்துவிட்டது! ஊரெல்லாம் ஓட்டம். 144 தடை உத்தரவு. கடைசியில் ஜூன் 5-ந் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறை காட்டுக்குக் கொண்டு போனார்கள்.

அந்த ஊசியைச் செலுத்தியதும் ஒரு துப்பாக்கிதான். ஆனால் அதற்கு ஒரு டாக்டர் வேண்டும். யானையின் எடைக்கு ஏற்ற மருந்து வேண்டும். எந்த இடத்தில் படுத்தால் உயிருக்கு ஆபத்து இல்லை என்று பார்க்க வேண்டும். அதற்காகப் பல நாள் காத்திருந்தார்கள். சினிமாவாக இருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடித்திருப்பார்கள்!

டம்மியிலும் ஆபத்து

சரி, படப்பிடிப்பில் வைத்திருப்பது என்ன துப்பாக்கி? பெரும்பாலும் மரம், பைபர், ரப்பரில் செய்த டம்மி. நெருப்பையும் புகையையும் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்துவிடலாம். சில இடங்களில் வெத்துத் தோட்டா. மருந்து இருக்கும், குண்டு இருக்காது.

"குண்டுதான் இல்லையே, அப்புறம் என்ன?" என்று நினைக்க வேண்டாம். 1984 அக்டோபரில் அமெரிக்க நடிகர் ஜான் எரிக் ஹெக்சம், டெலிவிஷன் தொடர் படப்பிடிப்பு இடைவேளையில் விளையாட்டாக ரிவால்வரைத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து விசையை அழுத்தினார். உள்ளே இருந்தது வெத்துத் தோட்டாதான். ஆனால் அது வெடித்த வேகமே மண்டை ஓட்டை உடைத்துவிட்டது. ஆறு நாளில் உயிர் போனது.

1993 மார்ச் 31-ந் தேதி புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ படப்பிடிப்பில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 28. முன்பு ஒரு காட்சிக்குப் பயன்படுத்திய டம்மித் தோட்டாவின் ஈயம் குழாய்க்குள் சிக்கி இருந்தது. யாரும் பார்க்கவில்லை. பிறகு வெத்துத் தோட்டா போட்டுச் சுட்டபோது அது பாய்ந்துவிட்டது. 2021 அக்டோபர் 21-ந் தேதி "ரஸ்ட்" படப்பிடிப்பில் பெண் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் பலியானார். அங்கே ரிவால்வருக்குள் நிஜத் தோட்டாவே இருந்தது! துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாளராக இருந்த பெண்ணுக்கு 2024-ல் 18 மாத சிறை.

மூன்று சாவிலும் பாடம் ஒன்றுதான். "இதில் ஒன்றும் இல்லை" என்று கண்ணால் பார்க்காமல் நம்பினார்கள்.

நம் ஊர்ப் படப்பிடிப்புகளில் கூட்டத்தில் நிற்பது யார்? உள்ளூர் ஜனம்தான். ஒரு நாள் சம்பளத்துக்குத் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். "டமால்" என்றால் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா? கதாநாயகனுக்கு டூப் உண்டு. கூட்டத்தில் நிற்கிறவருக்கு டூப் கிடையாது.

எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்தது

துப்பாக்கியை வைத்து ஆயிரம் சண்டை போட்ட சினிமா உலகத்துக்கே நிஜக் குண்டு என்றால் என்ன என்று காட்டியது 1967 ஜனவரி 12-ந் தேதி. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. படத்தில் எத்தனையோ குண்டுகளைத் தாவித் தப்பியவர். நிஜத்தில் ஒரு குண்டு அவர் குரலையே மாற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார் என்பது வேறு கதை. ராதா ஜெயிலுக்குப் போனார். ஆனால் அந்தப் பழைய வெண்கலக் குரல் திரும்பி வரவே இல்லை.

தோட்டத்துத் துப்பாக்கி

கடைசியாக ஒன்று. மலையில் துப்பாக்கி போலீசிடமும் வனத்துறையிடமும் மட்டும் இல்லை. லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கும் தோட்டக்காரர்கள் உண்டு. தேர்தல் வந்தால் அவற்றை ஸ்டேசனில் ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியும் காட்டுப் பக்கம் பிடிபடுவது உண்டு. குழாயில் மருந்தை இடித்து, பால்ரசையோ ஈயத்தையோ போட்டுச் சுடுகிற சரக்கு. சில சமயம் அது முயலைச் சுடுவதற்குப் பதில் சுடுகிறவன் கையையே பதம் பார்க்கும்.

1959 ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் ஜெயில்தான். பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதும் அதே சட்டத்தில் குற்றம். சினிமா மோகத்தில் டம்மி துப்பாக்கியோடு செல்போனில் வீடியோ எடுத்துப் போடும் வாலிபர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. விளையாட்டாக எடுத்த படம் ஸ்டேசனுக்குக் கூப்பிட்டு விசாரிக்கும் அளவுக்குப் போகலாம்.

படத்தை ரசிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உழைத்துக் களைத்து வருகிறவனுக்கு இரண்டரை மணி நேரம் சந்தோஷம் வேண்டும். விசில் அடிக்கட்டும். ஆனால் கொட்டகைக்கு வெளியே ஒரு என்கவுண்டர் செய்தி வந்தால் உடனே விசில் அடிக்காமல் மூன்று கேள்வி கேட்போம்.

எத்தனை குண்டு சுட்டார்கள்?

ஏன் சுட்டார்கள்?

அந்தத் துப்பாக்கி சோதனைக்குப் போனதா?

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடிய போலீசுக்குப் பயம் இல்லை. பதில் கேட்கிற ஊருக்கும் பயம் இல்லை.